உறங்கும்போது வளரும் பிள்ளை

உயரம் குறைந்த பிள்ளையைக் கண்டால் உறவினர் நாவுக்கு ஓய்வில்லை. 'வாப்பா குட்டை, மகனும் குட்டை' என்பார் ஒருவர். 'பருவம் வந்தால் தானே வளர்வான்' என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றும் பெரும்பாலும் மெய்யே. மெய்யாகாத பிள்ளைகளும் சிலர் உளர். அவர்களைப் பிரித்தறியவே இரத்தச் சோதனை.

நம் தமக்கையின் பேரனுக்கு ஒன்பது வயது. ஈராண்டாக அவன் சட்டையின் அளவு மாறவில்லை. மருத்துவர் ஊசியை எடுக்குமுன் அளவுகோலை எடுத்தார். இவ்வயதில் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளரவேண்டும். இவனோ மூன்றுதான் வளர்ந்திருந்தான். அதன் பின்னரே தைராய்டுக்கும் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் பொருளுக்கும் இரத்தம் எடுத்தனர். தைராய்டு சரியாக இருந்தது, மற்றது குறைந்திருந்தது.

வளர்ச்சி ஹார்மோனையே நேராக அளந்தால் என்ன என்று நாம் வினவினோம். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனை ஓயாது சுரப்பதில்லை, அலையலையாக விடுகிறது, ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாக விடுகிறது. பகலில் ஒரு முறை எடுக்கும் இரத்தத்தில், நலமுள்ள பிள்ளைக்கும் அது மிகக் குறைவாகவே தோன்றலாம். ஆகவே வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, அரைமணிக்கொரு முறை இரத்தம் எடுத்தனர். பையன் உறக்கக் கலக்கத்தில் கிடந்தான். வேறொரு நாள் வேறு மருந்தால் மீண்டும் சோதிக்கவேண்டும் என்றபோது, "இன்னும் எத்தனை முறைதான் மாமா என் பிள்ளையைக் குத்துவார்கள்?" என்று அவன் தாய் கண் கலங்கினாள். ஒரே சோதனையை நம்பி ஆண்டுக்கணக்கில் அன்றாடம் ஊசி போடுவது முறையாகாது என மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இரண்டாம் சோதனையும் குறைவையே காட்டிற்று. இன்று இரவுதோறும் அவள் கையாலேயே அவனுக்கு ஊசி போடுகிறாள்.

இத்தனை நுண்ணிய பொருளை இரத்தத்தில் அளக்க வழிகண்டவர்கள் அமெரிக்காவின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். 1972-இல் பெர்சன் மறைந்தார். 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார்.

அளக்கும் கருவி இருந்தும், அழைத்துச் செல்வார் இல்லையேல் பயன் யாது? எலும்பின் நுனியிலுள்ள வளர்தட்டு மூடிவிட்டால் எம்மருந்தும் உயரம் தராது. பெண்பிள்ளைகளுக்கு அது முன்னதாகவே மூடுகிறது. மகனின் உயரத்துக்குப் பதறும் நாம், மகள் குட்டையாயிருந்தால் 'அடக்கமாக இருக்கிறாள்' என்று அமைதி கொள்கிறோம். பெண்களுக்கே உரிய டர்னர் குறைபாட்டுக்குக் குட்டை உருவமே வெளித்தெரியும் ஒரே அடையாளமாக இருப்பதும் உண்டு. சுவரில் பென்சிலால் கோடிடும்போது, தம்பியின் கோட்டருகே அக்காளின் கோட்டையும் இடுவோமாக.