போனவர் கணக்கும் நின்றவர் கையும்

இங்கிலாந்தில் கால்பந்துப் பருவம் மே மாதத்தில் முடிந்து, ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் ஜூன் 30 ஆம் தேதியோடு காலாவதியாவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில், நான் குடியேறி வாழும் நார்தாம்ப்டன் நகரத்து ஜனங்கள் தங்கள் கழகம் வெளியிடப்போகும் ஒரு பட்டியலைக் கவலையோடு எதிர்நோக்கியிருப்பார்கள். யார் நீடிக்கிறார், யாருக்கு விடை கொடுத்தாயிற்று, யார் புதிய ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடாமல் இருக்கிறார் என்பதைச் சொல்லும் பட்டியல் அது. 1995 ஆம் ஆண்டில் போஸ்மான் என்ற பெல்ஜிய ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வேறொரு கழகம் விலை ஏதும் கொடாமலே அழைத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டபடியால், பணபலமில்லாத சிறு கழகங்களுக்கு இந்தக் கோடைக்காலம் ஆண்டுதோறும் ஒரு பரீட்சையாகவே வாய்த்துவிட்டது. அந்தப் பட்டியலைப் படித்து நஷ்டத்தை மதிப்பிடுவது எப்படி என்ற விஷயத்தில், ஆம்பூரில் பிறந்து தோல் தொழிலிலே வளர்ந்தவனாகிய எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நார்தாம்ப்டன் பாதரட்சைக்குப் பெயர் போன ஊர். 1642 ஆம் ஆண்டின் உள்நாட்டு யுத்தக் காலத்திலேயே படைகளுக்குப் பாதரட்சை தைத்துக் கொடுத்த கீர்த்தி இதற்கு உண்டு. 1897 இல் தோன்றிய இவ்வூர்க் கால்பந்துக் கழகத்தை இன்றும் ‘காப்ளர்ஸ்’, அதாவது செருப்புத் தைப்பவர்கள் என்றே, கழகத்தாரும் எதிரிகளும் ஒருங்கே அழைக்கிறார்கள். லண்டனில் பெர்மாண்ட்ஸே பகுதியில் நடந்துவந்த தோல் தொழில்நுட்பக் கல்லூரி 1970களின் பிற்பகுதியில் இவ்வூருக்கு இடம் பெயர்ந்ததனால்தான், பாலாற்றங்கரையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை இளைஞர்கள் பலருக்கு இந்த நகரத்தின் பெயரே தெரிய வந்தது. நானும் அவ்வழியே வந்து சேர்ந்தவன். படிக்க வந்த இடத்தில் ஜீவனமும் அமைந்து, ஜீவனம் அமைந்த இடத்தில் அபிமானமும் வேரூன்றிவிட்டது. செருப்புத் தைப்பவர்கள் என்ற பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஊரே சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போவதைக் கண்டபோது, தோல் வாசனை உடம்பில் ஒட்டியிருப்பதாகச் சொல்லி ரயில் வண்டியில் நம்மவர் விலகி உட்கார்ந்த காலத்தை அறிந்தவனாகிய எனக்கு, அந்த மைதானம் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆம்பூரில், தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், ஆட்கள் கம்பெனி மாறுகிற ஒரு காலம் உண்டு. பத்து ரூபாய் கூடுதல் கூலிக்காகத் தனித்தனியே மாறுகிறவர்களைப் பற்றி முதலாளிமார் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு நல்ல மேஸ்திரி, அதே பைபாஸ் ரோட்டில் அடுத்தாற்போல் இருக்கும் கம்பெனிக்கு, முன்பணம் பெற்றுக்கொண்டு, தம் செட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாரென்றால், அது இரட்டை நஷ்டம். இங்கே குறைந்தது அங்கே கூடி, நாளை அதே ஆர்டருக்கு நம்மோடு போட்டியாக வந்து நிற்கும். என் தந்தையாரோடு வேலை செய்த முதிய மேஸ்திரி ஒருவரிடம், இன்ன கம்பெனியிலிருந்து இத்தனை பேர் போய்விட்டார்களாமே என்று இளமையில் நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. “எத்தினி பேரு போனான்னு கேக்காதே தம்பி. போனவன் கைப்பழக்கத்தை யாருகிட்ட உட்டுட்டுப் போனான், அத்தைக் கேளு.”

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நார்தாம்ப்டன் கழகத்தின் இரண்டு கோடைக்காலங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

2014 ஜனவரியில், நான்காம் நிலையாகிய லீக் டூ டிவிஷனின் அடிமட்டத்தில் கழகம் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, அதே டிவிஷனில் உயர்வுக்குப் போராடிக்கொண்டிருந்த ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை விட்டு கிறிஸ் வைல்டர் என்பவர் இங்கே மானேஜராக வந்து சேர்ந்தார். அப்பருவத்தின் கடைசி நாளில், தாம் விட்டு வந்த அந்த ஆக்ஸ்ஃபோர்டையே 3–1 என்று தோற்கடித்துத்தான் கழகத்தைக் கரையேற்றினார். 2015 இலையுதிர் காலத்தில், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வழியின்றி, வரி இலாகாவின் வழக்கும் தலைக்குமேல் தொங்க, கழகமே கலைந்துபோகும் என்று ஊரார் அஞ்சிய சமயத்திலும், அவர் தம் ஆட்களைச் சிதறவிடாமல் கட்டிக்காத்து, 99 புள்ளிகளோடு, இரண்டாம் இடம் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டைக் காட்டிலும் 13 புள்ளிகள் அதிகமாகப் பெற்று, டிவிஷனின் முதலிடத்தைக் கைப்பற்றினார். ஊர் ஆனந்தத்தில் திளைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த 2016 மே மாதத்தில், தம் துணைவர் ஆலன் நில்லையும் அழைத்துக்கொண்டு ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குப் போய்விட்டார். நாம் புதிதாக ஏறியிருந்த லீக் ஒன் டிவிஷனில்தான் ஷெஃபீல்டும் இருந்தது. இறக்கை ஆட்டக்காரர் ரிக்கி ஹோம்ஸ் சார்ல்டனுக்குப் போனார். அதுவும் அதே டிவிஷன். நிக்கி ஆடம்ஸ் கார்லைலுக்குப் போனார்.

அப்போது ஊரில் எல்லோரும் ஹோம்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வைல்டருக்குப் பதிலாக அதே டிவிஷனைச் சேர்ந்த போர்ட் வேல் கழகத்திலிருந்து ராப் பேஜ் அழைத்து வரப்பட்டார். காப்டனும் கோல்காவலரும் தடுப்பு வரிசையில் பெரும்பகுதியினரும் நீடித்தார்கள். முந்திய ஆண்டில் தொடங்கிய தோல்வியறியாத ஓட்டமும் செப்டம்பர் வரையில் நீண்டது. ஆகவே நஷ்டம் பெரிதல்லவென்று பலர் தீர்மானித்தார்கள். ஆனால் அந்த ஓட்டம் பழைய பழக்கத்தின் வேகத்தில் ஓடிய ஓட்டமே தவிர, அப்பழக்கத்தைப் போற்றி வளர்க்க ஆள் இல்லாமையால், குளிர்காலம் வருவதற்குள் அது ஓய்ந்துவிட்டது. ஜனவரியில் பேஜ் விலக்கப்பட்டார். 2017 ஏப்ரல் 8 அன்று ஷெஃபீல்டு யுனைடெட், நார்தாம்ப்டனின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்துக்கே வந்து, 2–1 என்று வென்று, மேல் டிவிஷனுக்கு உயரும் உரிமையை நம் கண்ணெதிரிலேயே உறுதிசெய்துகொண்டது. வெளியூர் அபிமானிகள் தங்கள் பகுதியில் ஆர்ப்பரித்து நிற்க, பதினோரு மாதங்களுக்கு முன் நம்முடையவராக இருந்த மனிதரின் பெயரை அவர்கள் பாடக் கேட்டபடி நம்மவர் படியிறங்கினார்கள். அவ்வாண்டு ஷெஃபீல்டு 100 புள்ளிகள் பெற்றது. 2019 இல் பிரீமியர் லீகையும் அடைந்தது. நார்தாம்ப்டனோ மானேஜர் மாற்றி மானேஜர் என்று பார்த்துவிட்டு 2018 இல் மீண்டும் கீழே இறங்கியது.

இரண்டாவது கோடை 2022 ஆம் ஆண்டினது. பருவத்தின் கடைசி நாளில் பிரிஸ்டல் ரோவர்ஸ் ஸ்கன்தார்ப்பை 7–0 என்று வென்றதனால், புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்றும், அடித்த கோல்களின் எண்ணிக்கையில் மட்டும் பின்தங்கி, காப்ளர்ஸ் உயர்வை இழந்தார்கள். அந்தத் துக்கம் ஆறுமுன்பே கோல்காவலர் லியாம் ராபர்ட்ஸ் மிடில்ஸ்பரோவுக்கும், தடுப்பரணின் தூணாக விளங்கிய ஃப்ரேஸர் ஹார்ஸ்ஃபால் ஸ்டாக்போர்ட் கவுண்டிக்கும் போய்விட்டார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் 2016 ஐக் காட்டிலும் இது பெரிய நஷ்டம். ஆனால் மானேஜர் ஜான் பிராடி நீடித்தார். அவர் கழகத்தின் சிறுவர் பயிற்சிக் கூடத்திலிருந்து மேலே வந்தவர். முறை அவரிடம் இருந்தது, அந்த முறையைக் கற்றவர்களும் உடன் இருந்தார்கள். 2015 முதல் இவ்வூரிலேயே தங்கிவிட்ட சாம் ஹாஸ்கின்ஸ் முன்னணியில் நின்று கோல்களைக் குவிக்க, 2023 மே மாதத்தில், ட்ரான்மியர் மைதானத்தில், பருவத்தின் இறுதி நாளில் உயர்வு கைகூடிற்று. வித்தையைக் கையில் வைத்திருந்தவர் போன ஆண்டில் கழகம் தேய்ந்தது. வித்தையைக் கற்றவர் சிலர் போயும் அது தங்கிய ஆண்டில் கழகம் வளர்ந்தது.

அண்டை ஊராகிய பீட்டர்பரோ நம்முடைய ஜன்ம விரோதி. ஆயினும் இவ்விஷயத்தில் அவர்களுடைய புத்திசாலித்தனத்தை நான் மெச்சியே ஆகவேண்டும். இளம் ஆட்டக்காரர்களை வாங்கி, ஆளாக்கி, பெரிய கழகங்களுக்கு விற்பதையே அவர்கள் சம்பிரதாயமாகக் கொண்டிருந்தாலும், டேரன் ஃபெர்குசனை 2007 முதல் நான்கு முறை மானேஜராக அமர்த்தி, ஆட்டத்தின் முறையை மட்டும் விட்டுவிடாமல் காத்துவந்தார்கள். நார்தாம்ப்டனில் பிறந்து, பதினாறு வயதில் காப்ளர்ஸுக்காக ஆடத் தொடங்கிய ஐவன் டோனி, 2015 இல் நியூகாசிலுக்கு விற்கப்பட்டு, 2018 இல் வந்து சேர்ந்த இடம் அதே பீட்டர்பரோதான். அங்கிருந்து பிரென்ட்ஃபோர்டுக்குப் போய், இங்கிலாந்து அணியிலும் இடம் பெற்றார். நம் ஊர்ப் பிள்ளை மேன்மை அடைந்ததில் சந்தோஷம். அந்த மேன்மைக்கு வழிகோலிய கூடம் எதிரியினுடையது என்பதில் வருத்தம்.

பணம் மட்டும் இருந்து, வேர் இல்லாதுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஜில்லாவிலேயே உதாரணம் உண்டு. டாக்டர் மார்டென்ஸ் பாதரட்சைகளைத் தயாரித்த கிரிக்ஸ் குடும்பத்தின் மாக்ஸ் கிரிக்ஸ், 1992 இல் இரண்டு சிற்றூர்க் கழகங்களை இணைத்து ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸை உண்டாக்கி, சிறந்த மைதானமும் கட்டிக் கொடுத்தார். 2001 இல் லீகில் நுழைந்த அக்கழகம், 2003 இல் தன் டிவிஷனில் முதலிடம் பெற்று மேலேறிற்று. அதே ஆண்டு நார்தாம்ப்டன் கீழிறங்கியபடியால், இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயின. ஆனால் அதே ஆண்டில்தான் டாக்டர் மார்டென்ஸ் தன் உற்பத்தியின் பெரும்பகுதியை ஆசியாவுக்கு மாற்றியது. 2005 இல் கிரிக்ஸ் விலகினார். 2011 இல் கழகமே மறைந்தது. நூறாண்டுக்கும் மேலாக எத்தனையோ வீழ்ச்சிகளைக் கண்ட காப்ளர்ஸ் நின்றது; பத்தொன்பது ஆண்டுச் செல்வக் கழகம் நிற்கவில்லை.

மைதானத்தில் என் பக்கத்து ஆசனத்தில் அமரும் முதியவர், நாற்பது வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டியவர். ஒருமுறை ஆம்பூரிலிருந்து நான் கொண்டுவந்த பதனிட்ட கன்றுத்தோல் துண்டொன்றை அவரிடம் கொடுத்தேன். அவர் அதன் நிறத்தையோ மினுக்கத்தையோ பார்க்கவில்லை. இரு கைகளிலும் பிடித்து, முதலில் நீளவாட்டிலும் பிறகு குறுக்குவாட்டிலும் இழுத்து, எந்தத் திசையில் இளகுகிறது என்று கண்டார். கட்டைவிரலால் மடித்துச் சுருக்கம் விழுகிறதா என்று பார்த்தார். ஒரு மூலையைக் காட்டி, இது வயிற்றுப் பக்கம், நாக்குக்கு ஆகும், முன்புறத்துக்கு ஆகாது என்றார். ஆம்பூரில் தோல் வெட்டும் கிளிக்கிங் மேசையில் நான் கண்ட அதே கை, அதே வரிசை. “இந்த வேலை எங்களை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் தெரிந்தவர்களிடம்தான் போயிருக்கிறது” என்று சொல்லித் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். இவ்வூர் இழந்த வேலையில் ஒரு பங்கு எங்கள் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். அவர் அதைத் தூற்றாமல் சொன்ன அந்தப் பெருந்தன்மை, புலம்பெயர்ந்தவனாகிய எனக்குக் கிடைத்த பெரும் வரவேற்பு என்றே கருதுகிறேன்.

ஆம்பூரின் கணக்கில் நானும் ஒரு நஷ்டம்தான். கற்ற வித்தையோடு வெளியேறியவர்களின் பட்டியலைப் போட்டால் அது நீண்டுகொண்டே போகும். போகக் கூடாதென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நல்ல கூலியும் கௌரவமும் தேடிச் செல்வது ஆட்டக்காரருக்கும் நியாயம், தொழிலாளிக்கும் நியாயம். ஆனால் போகிறவனுக்கு ஒரு கடமை இருக்கிறது. போகவிடுகிற ஸ்தாபனத்துக்கு அதைக் காட்டிலும் பெரிய கடமை இருக்கிறது. எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் மெஷின்முன் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஒரே தையலை நாளெல்லாம் தைக்கக் கற்பித்ததோடு நின்றுவிடாமல், தோலைத் தரம் பிரிக்கவும், பாட்டர்ன் வெட்டவும், ஒரு வரிசையையே பொறுப்பேற்று நடத்தவும் கற்பித்தால், நாளைக்கு எந்த மேஸ்திரி எந்தக் கம்பெனிக்குப் போனாலும், எந்த இளைஞன் எந்தத் தேசத்துக்குப் போனாலும், ஊர் தன் தொழிலை இழக்காது. நார்தாம்ப்டன் தன் இரண்டு கோடைகளில் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. ஆம்பூரும் இதைத் தன் பாடமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் மனப்பூர்வமான வேண்டுகோள்.