ஓரத்தில் விழுந்தவை

கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 2007 பிப்ரவரியில் அறிவித்த மாடல். 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டரை அங்குலத் திரை, இரண்டு பென்சில் பேட்டரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது சட்டைப் பையில் இருக்கும் போனின் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டால் முழிப்பேன்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா அங்கே முஸ்தபா கடையில் வாங்கி வந்தது அது. திருச்சிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டில் எல்லாம் போக, யாராவது ஒருவர் தலையெழுத்தில் ஒரு கேமராவும் இருக்கும். கேமராவோடு கொடுத்த கார்டு வெறும் 16 எம்பி. தரத்தை உச்சத்தில் வைத்தால் நாலைந்து படத்தில் நிரம்பிவிடும். அதற்கே ஸ்ரீரங்கத்து அத்தை, “ரோலே போடாம படம் விழறதா?” என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதன் லென்ஸ், பிலிம் காலத்துக் கணக்கில் சொன்னால், 35 மில்லிமீட்டரில் தொடங்கி 140-இல் முடியும். 35 என்றால் எனக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குத் தெற்கே ஓர் இடம். கோபுரம் 236 அடி, 13 நிலை. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, வாசற்படியிலிருந்து உச்சிக் கலசம் வரை ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால், கணக்குப்படி சுமார் 55 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? கண்ணைக் கேமராவில் வைத்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போவேன். பூக்கூடைக்காரம்மா திட்டுவார். ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும். கலசம் உள்ளே வந்து விழுகிற இடம் தெருவில் எது என்று கால் கண்டுகொண்டது. அதன் பிறகு நேராகப் போய் அங்கேதான் நிற்பேன். இன்றைய போன்களின் லென்ஸ் பெரும்பாலும் 24-ஐ ஒட்டியது. பாதித் தூரத்திலேயே கோபுரம் முழுசாக வந்துவிடுகிறது. திட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-இல் சென்னை மாகாண அரசுக்காகத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ், ஆள் வைத்துத் தூக்க வேண்டிய மரப்பெட்டிக் கேமரா. அந்த மனிதருக்கு என் சிக்கல் இல்லை. அன்றைக்கு நின்றது மொட்டைக் கோபுரம்தான். அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் எடுத்துக் கட்டி, 1987 மார்ச்சில்தான் அது முழுக் கோபுரமானது. என்னைவிடச் சில வயது மூத்தவர்களுக்கெல்லாம் ராஜகோபுரம் புதுக் கட்டடம்.

இன்னொரு முனையான 140, மலைக்கோட்டை உச்சி. பிள்ளையார் சந்நிதியைச் சுற்றி வந்து வடக்கே பார்த்தால் காவிரி, பாலம், தென்னந்தோப்பு, அதற்கப்பால் கோபுரங்கள். நேர்க்கோட்டில் மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஜூமை முழுக்க இழுத்தாலும் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்து ராஜகோபுரம் நின்றுவிடும். அதற்கும் மேல் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று உண்டு. அது ஜூம் இல்லை, ஏமாற்று. இருக்கிற புள்ளிகளையே ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். அதை மெனுவில் அணைத்து வைத்தவன் நான்.

ராத்திரியில் அந்தக் கேமரா வேறு ஜாதி. உள்ளே இருந்தது சிசிடி சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சித்திரை வீதியில் வாகனப் புறப்பாடு வரும்போது தீவட்டியோ சோடியம் விளக்கோ திரைக்குள் வந்தால், அதன் வழியாக மேலிருந்து கீழே இளஞ்சிவப்பில் ஒரு கோடு ஓடும். மின்னூட்டத்தை வரிசையாக நகர்த்தும் பாதைக்குள்ளும் அந்த வெளிச்சம் கசிவதால் வருவது அது. படம் எடுக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்வதால் படத்தில் கோடு இருக்காது, திரையில் மட்டும்தான். அத்தை அதைப் பார்த்துவிட்டு, “பெருமாளுக்கு மேல இருந்து என்னமோ இறங்கறதுடா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிசிடி பற்றி விளக்கப் போகவில்லை. ஐஎஸ்ஓ 800-க்குப் போனால் படம் முழுக்க மணல் தூவியது போல் ஆகிவிடும், ஃபிளாஷ் போட்டால் முன்வரிசைத் தலைகள் மட்டும் வெளுத்து நிற்கும். ஆகவே ராத்திரிப் படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தக் கோடு மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

இவ்வளவும் சொன்னாலும், எனக்கு ஏக்கம் இதில் எதற்கும் இல்லை. லென்ஸுக்கு மேலே, சற்றே தள்ளி, பட்டாணி அளவில் ஒரு கண்ணாடித் துளை இருந்தது. ஆப்டிகல் வியூஃபைண்டர். பென்சில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் திரையை அணைத்துவிட்டு அதன் வழியாகத்தான் பார்ப்பேன். கடையில் எதையோ கேட்டு எதையோ கொடுத்த சாதா பேட்டரி என்றால் திரை போட்டுப் பத்துப் படம் தாங்காது. சித்திரைத் தேரன்று அம்மா மண்டபம் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். இந்த வகைக் கேமராக்களின் துளையில் நமக்குத் தெரிவது, உண்மையில் பதிவாவதில் சுமார் 80 சதவீதம்தான். மிச்சம் 20 சதவீதம் நம் கண்ணில் படாமலே நாலு ஓரத்திலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய தலைவலி. ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் அக்கா காதோலை கருகமணி வைத்துப் படைப்பதை எடுத்தால், வலது ஓரத்தில் யாரோ ஒருவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருப்பார். வெள்ளைக் கோபுரத்தை எடுத்தால் கீழே மாட்டின் வால். கீழ உத்தர வீதியில் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் உட்காரவைத்து, கேமராவை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடிவந்து கடைசியில் ஒட்டிக்கொண்டு எடுத்த படம் ஒன்று உண்டு. அதற்கு முன் துளை வழியாக எல்லார் தலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு வந்தபோது, நாங்கள் நடுவில் கொஞ்சம் சுருங்கி இருந்தோம். இடது ஓரத்தில் எஸ்டிடி பூத்தின் மஞ்சள் போர்டு, அதன் கீழே பெஞ்சில் வாரப் பத்திரிகை படிக்கும் பூத்துக்காரர், வலது ஓரத்தில் பக்கத்து வீட்டு ஓடும் மரத்தூணும், தூணில் சாய்த்த லேடீஸ் சைக்கிளும்.

நாங்கள் எல்லோரும் இப்போதும் இருக்கிறோம், கொஞ்சம் பருத்து. பூத் இல்லை. பக்கத்து வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி அபார்ட்மென்ட். அந்தத் தூணை யாரும் படமெடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் தோன்றாது. எங்கள் குடும்பப் படத்தின் ஓரத்தில் மட்டும்தான் அது நிற்கிறது. ஊரை எடுக்கிறேன் என்று நினைத்து எடுத்த கோபுரப் படங்கள் எல்லாம் தபால் அட்டைப் படங்களாகத்தான் இருக்கின்றன. ஊர் அந்த 20 சதவீதத்தில் இருக்கிறது.

போன் நமக்கு என்ன காட்டுகிறதோ அதையே எடுக்கிறது. அடுத்த சில வருடங்களிலேயே சின்னக் கேமராக்களிலிருந்தும் அந்தத் துளை காணாமல் போனது. பிறகு அந்தக் கேமராக்களே காணாமல் போயின. 2010-இல் ஜப்பானியக் கம்பெனிகள் உலகமெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல் 77 லட்சம். அதில் சட்டைப் பைக் கேமராக்கள் 17 லட்சம்தான்.

நான் புனேக்கு வந்தபோது கேமராவை அத்தை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டேன். இப்போது பழைய சிசிடி கேமராக்களுக்குக் காலேஜ் பிள்ளைகளிடம் திடீர் மவுசு. அக்கா பையன் அதைக் கண்டெடுத்து, நாள் நேரம் காக்கும் வட்ட பேட்டரியை மாற்றி, சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரி போட்டு, ஒரு சனிக்கிழமை முழுக்க ஸ்ரீரங்கத்தைச் சுற்றியிருக்கிறான். சாயங்காலம் படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. நிறமெல்லாம் அச்சு அசல் அதே நிறம். ஆனால் ஒவ்வொன்றிலும் விஷயம் நடுவில், ஓரமெல்லாம் சுத்தமாக.

போன் போட்டேன்.

“ஓரத்துல கண்டதும் வருது மாமா. துளைல பார்த்தா இல்ல, எடுத்தா இருக்கு. கேமரா பழசாயிடுச்சு போல. எல்லாத்தையும் கிராப் பண்ணித்தான் அனுப்பினேன்.”

“கிராப் பண்ணாதது இருக்காடா?”

“கார்டுல இருக்கு. அது எதுக்கு மாமா?”

“அதை அனுப்பு” என்றேன்.