தோட்டத்துச் சடக்கும் சைக்கிள் பாதையும்

இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊர்ப்பெயர், ஏற்றம், இறக்கம், பாலம், தேநீர்க்கடை எதையும் விடமாட்டார்கள். அந்நாட்டு ஏரி மாவட்டத்தில் ஹார்ட்நாட் கணவாய்ச் சாலை செங்குத்தான இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏறும். உச்சி 393 மீட்டர்தான், ஆனாலும் சைக்கிள்காரர்களிடையே அதன் பெயர் பிரசித்தம். நம் மலாக்காவிலும் அப்படிப் பெயர் சொல்லிப் பேசத் தகுந்த நிலம் இருக்கிறது. கடற்கரையை விட்டு ஜாசினுக்கு வந்து, வடக்கே செலாண்டார், நியாலாஸ் என்றும் கிழக்கே ஆசகான் என்றும் உள்ளே போகப் போக நிலம் அலையலையாக எழுந்து தாழ்கிறது. ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை நிற்கிறது. இந்த நிலத்துக்குள் ஓடும் தோட்டத்துச் சடக்குகளை, அதாவது மண்சாலைகளை, முறையாகப் பதிவு செய்து, பழைய தோட்டப் பெயர்களோடு சைக்கிள் பாதைகளாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது என் வாதம்.

சடக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். செம்புரைக்கல் கொட்டி இறுக்கிய செம்மண், நடுவில் புல், இரண்டு பக்கமும் சக்கரத் தடம். வெயில் காலத்தில் தூசி பறக்கும். ஒரு மழை விழுந்தால் அதே மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. ஏற்றங்கள் மூச்சு வாங்க வைக்கும், ஆனால் நீளமானவை அல்ல. அதற்குக் காரணம் உண்டு. ரப்பர்ப் பால் ஏற்றிய லோரி அன்றும், செம்பனைக் குலை ஏற்றிய லோரி இன்றும் பாரத்தோடு ஏற வேண்டும். அதனால் குன்றின் உச்சியை நேராகப் பிடிக்காமல் அதன் இடுப்பைச் சுற்றி வளைத்தே சடக்கு வெட்டினார்கள். லோரிக்காக வெட்டிய அந்த வளைவுகள், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, சைக்கிளுக்குப் பொருந்துகின்றன.

வெட்டியவர்கள் யார் என்பது இந்த வாதத்தின் நடுப்பகுதி. 1888-ல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்த பிறகுதான் சைக்கிள் சவாரி எலும்பை உலுக்காத இன்பமானது. அந்த டயருக்கு ரப்பர் வேண்டும். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் எச். என். ரிட்லி ரப்பர் நடச்சொல்லி ஊர் ஊராகத் தோட்டக்காரர்களை வற்புறுத்திக்கொண்டிருந்த காலத்தில், அவர் பேச்சை நம்பி 1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நட்டவர் டான் சே யான். அடுத்து அவர் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். டன்லப் நிறுவனமே 1910 வாக்கில் மலாயாவில் தோட்டங்கள் வாங்கத் தொடங்கியது. காட்டை அழித்து, மண் வெட்டி, கல் சுமந்து இந்தத் தோட்டங்களை உண்டாக்கியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இங்கிலாந்தின் குன்றுகளில் ஒருவர் உல்லாசமாக உருட்டிய சக்கரத்துக்கும் மலாயாவில் விடியுமுன் உளி பிடித்த கைக்கும் இடையே ஒரு நேர்க்கோடு ஓடுகிறது.

அந்தக் கைக்கும் பிறகு சைக்கிள் கிடைத்தது. ஆனால் அது உல்லாசத்துக்கு அல்ல. இருட்டில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். பிறகு மங்கு மங்காகச் சேர்த்த பாலை வாளிகளில் ஊற்றி, கேரியரின் இருபக்கமும் தொங்கவிட்டு, தளும்பாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். சிந்திய பாலுக்குக் கூலி கிடையாது. எந்த வளைவில் மண் வழுக்கும், எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டும் என்பது அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் ஏறவில்லை என்பதுதான் என் கவலை.

இங்கிலாந்தின் பாதைகள் அழகினால் மட்டும் பிழைத்துவிடவில்லை. 1878-லேயே அங்கே சைக்கிள் பயணிகள் சங்கம் உருவாகிவிட்டது. 1968-ல் வந்த நாட்டுப்புறச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைக் கொடுத்தது. தனியார் நிலத்தின் ஊடாகப் போகும் பாதையும் அதில் சேர்த்தி. ரயில் நின்றுபோன தடங்களைக்கூட அவர்கள் விடவில்லை. டெர்பிஷர் குன்றுகளில் டிஸிங்டன் பாதை 1971-ல் அப்படிப் பிறந்தது. மலாக்காவுக்கும் ஒரு ரயில் தடம் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா நகர்வரை 1905-ல் திறக்கப்பட்ட கிளைப்பாதை அது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் அதே வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர்களில் பலர் திரும்பவில்லை. போருக்குப் பிறகு அந்த ரயில் திரும்ப ஓடவே இல்லை. பாதை என்பது புழங்கும்வரைதான் பாதை. வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டால் சடக்குக்கும் அதே கதிதான்.

தோட்டம் தனியார் சொத்தாயிற்றே, கம்பெனிக்காரன் ஏன் விடவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். செம்பனைக் குலைத் திருட்டு உண்மையான தொல்லை. நுழைவாயிலில் காவலாளி நிற்பதில் தவறில்லை. ஆனால் நான் கேட்பது தோட்டம் முழுவதையும் அல்ல, குறித்த சடக்கு ஒன்றை, குறித்த நேரத்துக்கு மட்டும். குலையைத் திருட வருகிறவன் வண்டியோடு வருவான். காலையில் கூட்டமாகச் சைக்கிள் போகும் சடக்கில் அவனுக்கு மறைவு குறையுமே தவிரக் கூடாது. வெயில், லோரி, நாய் என்ற ஆட்சேபங்களுக்கு அதிகம் பேசவேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்கள் நேரத்தை வைத்துக்கொண்டால் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். சைக்கிள்காரருக்கு உண்மையான ஆபத்து, வாகனங்கள் பறக்கும் அலோர் காஜா–ஜாசின் நெடுஞ்சாலையில் இருக்கிறது, சடக்கில் இல்லை.

எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. எங்கள் தாத்தாவும் பாட்டியும் முதுகொடிந்த இடத்தில் விலை உயர்ந்த சைக்கிளில், பளபளக்கும் சட்டையில் யாரோ பொழுதுபோக்குவதா என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை கேட்டால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த மண்ணில் வலி இருக்கிறது. 1950, 60-களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலால் எத்தனையோ குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. 1967-ல் புக்கிட் ஆசகான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் போனார்கள். பல இடங்களில் மிச்சமிருப்பது ஒரு மாரியம்மன் கோயிலோ முனியாண்டி மேடையோதான். ஆனால் கதவை அடைத்து வைப்பதால் இந்த வலிக்கு மரியாதை கிடைத்துவிடாது. 2008-ல் யுனெஸ்கோ மலாக்கா நகரத்தை உலக மரபுடைமை ஆக்கியது. இன்று பயணிகள் அலங்கரித்த மூன்று சக்கர வண்டியில் ஏறி அந்த நகரத்தைச் சுற்றுகிறார்கள். நகரத்தில் 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலாவது அவர்கள் கண்ணில் படுகிறது. முப்பது கிலோமீட்டர் உள்ளே, அந்த மாநிலத்துக்குச் சோறு போட்ட தோட்டங்கள் அவர்களுக்கு வெறும் பச்சை. காரில் போகிறவன் கண்ணுக்குச் செம்பனை நிரைகள் ஒன்றாகவே தெரியும். சைக்கிளில் போகிறவன் ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது கோயில் மணியைப் பார்ப்பான், இடிந்த லயத்தின் சிமெண்டுத் தளத்தைப் பார்ப்பான், இது யார் வாழ்ந்த இடம் என்று கேட்பான். அங்கே ஒரு பலகையும் அதில் தோட்டத்தின் பெயரும் இருந்தால் அவனுக்குப் பதில் கிடைக்கும்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று தயங்க வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்களின் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிக் காட்டியது அந்தச் சங்கம். சில சடக்குகளைப் பதிவு செய்வது அதைவிடப் பெரிய காரியமல்ல. தோட்டத்தில் பிறந்து இன்று பட்டணத்தில் குடியிருக்கும் பெரியவர்கள், தங்களுக்குத் தெரிந்த சடக்கையும் கோயிலையும் பழைய ஸ்டோர் இருந்த இடத்தையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பிள்ளைகள் அதைக் கைப்பேசி வரைபடத்தில் குறிக்கட்டும். கோயில் நிர்வாகங்கள் சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் கொடுக்கட்டும். மாநில அரசும் தோட்ட நிறுவனங்களும் முதலில் ஜாசினுக்கும் ஆசகானுக்கும் இடையே ஒரே ஒரு சடக்கை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டுமாவது, திறந்து பார்க்கட்டும்.