ஆயா வீட்டுக் கதவும் 60 ரூபாய் புக்கும்!

திருவண்ணாமலைன்னதும் கோயில், தீபம், 14 கிலோமீட்டர் கிரிவலம்தானே உங்களுக்கு ஞாபகம் வரும்? ஒருநாள் வேலூர் ரோட்டுல வேங்கிக்கால் வரைக்கும் வாங்க. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஏரியாதான். அங்கே ஒரு பழைய பேப்பர் கடையிலதான் எனக்கு அந்தப் புதையல் மாட்டுச்சு.

வீட்டைக் காலி பண்ணின வெளிநாட்டுக்காரர் யாரோ எடைக்குப் போட்ட புக் கட்டு. எல்லாம் 1960-கள்ல வந்த 'பாப்புலர் மெக்கானிக்ஸ்', 'பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்'! "சனிக்கிழமை லோடு ஏறிடும். வேணும்னா இப்பவே எடுத்துக்க தம்பி"ன்னார் கடைக்காரர். 60 ரூபாய்க்கு மூணு புக் வாங்கினேன்.

முதல் பத்திரிகை 1902-லயும் அடுத்தது 1922-லயும் அமெரிக்காவுல ஆரம்பிச்சது. புரட்டினா கீழே வைக்க மாட்டீங்க. ஒரு அலமாரியைப் பலகை பலகையாப் பிரிச்சு வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்கே போகணும்னு அம்புக்குறி போட்டிருப்பாங்க. நம்ம பக்கத்துல லாரி பேக்கரும் இப்படித்தான். செலவைக் குறைச்சு வீடு கட்டுறது எப்படின்னு, தானே படம் வரைஞ்சு குட்டிக் குட்டிப் புத்தகமாப் போட்டார். இன்னிக்கு ரீல்ஸ், 'பாரு, எவ்ளோ அழகு'ன்னு காட்டுது. இதெல்லாம் 'வா, நீயே செய்'னு கூப்பிடுது.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கம்ப்யூட்டர்ல கீல் வரைஞ்சு மார்க்கெல்லாம் வாங்கியாச்சு. ஆனா வேங்கிக்கால்ல தனியா இருக்கிற எங்க ஆயா, தொங்கிப்போன கதவை ரெண்டு கையாலயும் தூக்கித்தான் தினம் ராத்திரி தாழ்ப்பாள் போடும். 'ஆசாரியைக் கூப்பிடலாம் ஆயா'ன்னே ஒரு வருஷத்தை ஓட்டிட்டேன்.

புக்ல ஒரு ஐடியா இருந்துச்சு. ஸ்க்ரூ ஓட்டை பெருசாயிட்டா, மருந்து நீக்கின தீக்குச்சிகளைப் பசையில தோய்ச்சு உள்ளே அடைக்கணும். காய்ஞ்சதும் திரும்ப ஸ்க்ரூவை முடுக்கணும். அவ்ளோதான்! முதல் தடவை கோணலாப் போச்சு. ரெண்டாவது தடவை கதவு நேரா நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி ஒரே விரலால தள்ளித் தாழ்ப்பாள் போட்ட ஆயா கேட்டுச்சு: "இதுக்காடா நாலு வருஷம் படிக்கிற?"

ஒரு எச்சரிக்கை. அந்த புக்ல இருக்கிற எல்லாத்தையும் செஞ்சு பார்த்துடாதீங்க. புற்றுநோய் தர்ற ஆஸ்பெஸ்டாஸைக்கூட அந்தக் காலத்துல தாராளமா சிபாரிசு பண்ணியிருக்காங்க!

மீதிக் கட்டு சனிக்கிழமை லோடுல போயிடுச்சு. பரவாயில்லை, 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பழைய இதழ்கள் கூகுள் புக்ஸ்ல இருக்கு. படிக்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல எந்தக் கதவு தொங்குதுன்னு பார்த்து வைங்க!