சொல்லாமற் சொல்லும் திரை

திரைப்படம் ஒன்றைக் கண்டு வந்தவரிடம் நாம் முதலிற் கேட்பது, "கதை என்ன?" என்பதேயாம். கதையை அறிந்ததும் படத்தையே அறிந்துவிட்டதாக எண்ணி அமைகின்றோம். கதை ஒன்றே படமாயின் அதனை ஏட்டிற் படித்தாற் போதும். இருளில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருத்தல் வேண்டா. அக்கதை எம்முறையில் வைக்கப்பட்டது, எவ்வாறு கண்ணுக்குக் காட்டப்பட்டது, எவ்விடத்தில் வெட்டித் தொகுக்கப்பட்டது என்னும் மூன்றையும் நோக்கினாலன்றித் திரைக்கலையின் முழுப்பயனை நாம் எய்துதல் அரிது. இதனை விளக்க, நாம் பன்முறை கண்டு வியந்த ஒரு படத்தினை எடுத்துக்கொள்வோம்.

1955ஆம் ஆண்டு வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி', வங்க நெறியாளர் சத்யஜித் ராயின் முதற் படமாகும். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவலைத் தழுவியது. துர்கா, அபு என்போர் ஏழைப் புரோகிதர் ஒருவரின் பிள்ளைகள். அயல்வீட்டுச் சிறுமியின் மணிமாலை ஒன்று காணாமற் போகின்றது. பழி துர்காமீது விழுகின்றது, அவள் மறுக்கின்றாள். அவமானம் பொறாத தாய், மகளைக் கூந்தலிற் பற்றி இழுத்து வெளியே தள்ளுகின்றாள். அவள் எடுத்தாளோ இல்லையோ என்பதை ராய் நமக்குக் காட்டவில்லை. ஐயத்தை நெஞ்சில் விதைத்துவிட்டுக் கதை அப்பாற் செல்கின்றது.

பின்னர் வருவது புகையிரதக் காட்சி. வெண்ணிற நாணற் பூக்களிடையே பிள்ளைகள் இருவரும் ஓடுகின்றனர். வானிற் கரும்புகை எழுகின்றது. துர்கா இடறி விழ, அபு மாத்திரம் தண்டவாளத்தை அடைகின்றான். வெள்ளைப் பூவும் கரும்புகையும் வேறுபட்ட இரண்டு உலகங்களை ஒரே நோக்கிற் காட்டிவிடுகின்றன. 1952ஆம் ஆண்டு அங்கே படப்பிடிப்பைத் தொடங்கிய ராய், அடுத்த வாரம் சென்றபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. அவை மீண்டும் பூக்கும்வரை ஓராண்டு காத்திருந்தார். காட்சியின் அழகு கதைக்குப் பூசிய வெறும் பூச்சன்று. கதையின் உயிரே அது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மழையில் நனைந்த துர்கா நோயுற்று இறக்கின்றாள். தொலைவிலிருந்து மீண்ட தந்தை, மகளுக்கென வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகின்றார். தாய் வாய்விட்டு அலறுகின்றாள். அவள் குரலோ நமக்குக் கேட்பதில்லை. அதற்கு ஈடாக, வில்லால் மீட்டும் தார்ஷெனாய் என்னும் நரம்புக் கருவியே உச்சத்தில் ஒலிக்கின்றது. கேளாத அந்த அழுகையை நாம் ஒவ்வொருவரும் எம் உள்ளத்திற் கேட்டுக்கொள்கின்றோம்.

இறுதியிற் குடும்பம் ஊரைவிட்டு நீங்க ஆயத்தமாகின்றது. பழம் பொருள்களை எடுக்கும் அபுவின் கையில் அந்த மணிமாலை அகப்படுகின்றது. அவன் எவரையும் அழைக்கவில்லை. ஓடிச்சென்று குளத்தில் எறிகின்றான். பாசி விலகி, மெல்ல மெல்ல மீண்டும் மூடிக்கொள்கின்றது. மாலை வீழ்ந்தவுடன் காட்சியை வெட்டியிருந்தால், அது ஒரு பொருளை எறிந்த செய்தியாக மாத்திரம் நின்றிருக்கும். பாசி மூடும்வரை கமரா அசையாது நிற்பதனால், தமக்கையின் குற்றத்தைத் தம்பியும் குளமும் சேர்ந்து மறைத்த அருட்செயலாக அது மாறுகின்றது. தாய்க்கும் தெரியாத அவ்விரகசியம் நமக்குத் தெரியும். துர்காவைக் குற்றவாளியென்று தீர்ப்பதோ, அவ்வறுமைக் குழந்தையின் ஆசையை மன்னித்து வாய்மூடுவதோ நம் பொறுப்பாகின்றது.

சங்கச் செய்யுளில் உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற நமக்கு இந்நெறி புதிதன்று. கூறாது விட்ட பொருளே அங்கும் நெடிது நின்று ஒலிக்கின்றது. புலவன் சொல்லாற் செய்ததை நெறியாளன் ஒளியாலும் கத்தரியாலும் செய்கின்றான்.

ஆதலின் இளைய மாணவருக்கு நாம் கூற விழைவது ஒன்றே. படம் பார்த்து மீளுங்கால், "கதை என்ன?" என்று கேளுங்கள்; அதனோடு, "எதனைக் காட்டாது விட்டார்? ஏன் விட்டார்?" என்றும் வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடுமிடத்தே, நாம் வெறும் பார்வையாளர் என்னும் நிலை நீங்கிச் சுவைஞர் ஆகின்றோம்.