விக்கலில் ஒரு விஞ்ஞானம்

சித்தூரில் இருக்கும் என் மாமாவிடம் பழைய ஸ்டூடிபேக்கர் சாம்பியன் கார் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இவ்வகைக் கார்களை இந்நாட்டிலேயே பூட்டி விற்றது. வேலூரிலிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில், சோற்றுக்கு மிஞ்சிய காசை இரும்பில் போட்டவர் அவர் ஒருவர்தாம்! திருப்பதியில் பௌதிகம் படிக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தால் சும்மா விடுவாரா?

அந்தக் காரில் ஓவர்டிரைவ் என்றொரு பொறி உண்டு. போர்க்-வார்னர் நிறுவனத்தார் 1934-இல் ஏர்ஃப்ளோ கார்களில் கொண்டுவந்த பொறியின் வழித்தோன்றல். பின்தண்டு பத்துச் சுற்று சுற்ற, எஞ்சின் ஏழு சுற்று சுற்றினால் போதும். பெட்ரோல் மிச்சந்தான், ஆனால் இழுவை குறைந்துவிடும். முந்தும்போது மிதியை அடிவரை அழுத்தினால், அதற்கடியில் உள்ள கிக்டவுன் சுவிட்ச் ஓவர்டிரைவை விலக்கி இழுவையை மீட்டுத் தரும். மாமாவின் காரிலோ அந்தச் சுவிட்சை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். போன கோடையில் தாமலசெருவு அருகே மாம்பழ லாரியை முந்தப் போனபோது, எதிரே பஸ் வர, கார் மூச்சுவாங்கியதாம். அன்றிலிருந்து அத்தை அதில் ஏறுவதில்லை.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து மாமா சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தார். அதில் நான்கு முனைகள். இரண்டு, ஓவர்டிரைவுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க. மற்ற இரண்டும் இக்னிஷன் காயிலுக்கு உரியவை என்றதும் எங்கள் மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓடற எஞ்சினை நிறுத்தறதுக்கா ஒயர் இழுக்கறோம், தம்பி?"

நியாயமான கேள்வி. ஓவர்டிரைவைப் பிடித்து நிறுத்துவது ஓர் எஃகு நாக்கு. மின்சாரத்தை வெட்டியதும் வில் அதை வெளியே இழுக்கும். ஆனால் எஞ்சின் முழு விசையோடு தள்ளும்போது நாக்கு பல்லிடுக்கில் இறுகிவிடும். வில்லின் பலம் அதனிடம் செல்லாது. ஆகவே ஒரு கணம் தீப்பொறியை அணைக்க வேண்டும். விசை தளரும், நாக்கு விலகும், விலகிய மறுகணமே தீப்பொறி தானே திரும்பிவிடும். நான் தாளில் படம் போடத் தொடங்குமுன் மேஸ்திரி சொன்னார்: "மாடு இழுக்கறப்போ முடிச்சு அவிழுமா? அது நின்னாத்தான் அவிழும். அதானே?"

நான் தாளை மடித்துவிட்டேன்.

வேலையில் பாதி, சுவிட்சை நிறுத்தும் இடத்தில்தான். மிதி அடிவரை போன பிறகே அதன் தண்டு நகர வேண்டும். ஒரு நூல் முன்னே வந்தால் மேட்டிலெல்லாம் கார் விக்கும். பின்னே போனால் சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான். மூன்று தடவை இரும்புப் பட்டையை வளைத்தோம். ஆறு வோல்ட் வண்டியாதலால் தடித்த ஒயரே போட்டோம்.

இனி மொகிலி மலைப்பாதை வழியே பெங்களூர் போகலாம் என்று மாமா துள்ளினார். அங்கேதான் அவரை மறித்தேன். வேகம் குறைந்து ஓவர்டிரைவ் விலகியதும் இந்தக் கார் இறக்கத்தில் தன்போக்கில் உருளும். எஞ்சின் பிடித்து நிறுத்தாது. பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். சுவிட்ச் இதற்கு உதவாது. மலையிறங்குமுன் கைப்பிடியை வெளியே இழுத்து ஓவர்டிரைவை அடியோடு பூட்டிவிட வேண்டும். கைப்பிடியருகே சிவப்பு மையில் இதை எழுதி ஒட்டினேன். மாமாவுக்குச் சற்று வருத்தந்தான்.

மறுநாள் திருப்பதிக்குப் புறப்பட்டோம். அத்தையும் வந்தார், என் பேச்சை நம்பியல்ல, மேஸ்திரி சொன்னதை நம்பி! சந்திரகிரிக்கு இப்பால் முன்னே ஒரு லாரி. எதிரே சாலை வெறிச்சென்றிருந்தது. மாமா மிதியை அடிவரை அழுத்தினார். எஞ்சின் அடங்கிற்று, சீறிற்று. லாரி பின்னால் போயிற்று.

"என்னடா, வண்டிக்கு விக்கலா?" என்றார் அத்தை.