தேய்மானம்

மணப்பாட்டில் மணல்மேட்டு உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலைப் பார்த்துவிட்டு, கடலோரமாகவே அடுத்த ஊருக்குப் போனேன். அங்கே ஓடு வேய்ந்த பழைய பங்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் பெருகிப்போய், ஒரே ஹாலில் இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் திருக்குறள். "ஈரெட்டு அறத்துப்பால்!" என்றான் ஒரு பொடியன்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? "தேய்மானம் முடிஞ்ச கட்டடம் ஃபாதர், இடிச்சுடுங்க" என்றேன்.

பேசாமல் பின்பக்கம் அழைத்துப் போனார். இருபது வருடக் கான்கிரீட் அறை. கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது.

"உப்புக்காத்து கம்பியைத் தின்னுடும் தம்பி. பழைய சுண்ணாம்புச் சுவத்துல தின்னக் கம்பியே இல்ல!"

அதனால் ஹாலுக்கு ஓடும் மரமும் மட்டும் மாற்றம். பக்கத்தில் புது அறைகள். அதுவரை கீற்றுக் கொட்டகை? 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போன பிறகு யாருக்கு மனசு வரும்! கோயில் மண்டபத்தில்தான் வகுப்பு.

பணம்? வாரம் ஒருநாள் மீன்பாட்டில் ஒரு பங்கு.

"ரசீது உண்டா பெரியவரே?" என்றேன்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "கடல்கிட்ட நாங்க குடுத்தோமா, தம்பி?"